உமையாள் ஆச்சியின் சீமைப்பூனை

கால்நடைத் துறையில் முப்பத்தெட்டு வருடம் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போன மாதம் பழைய ஊழியர்கள் கூடிய ஒரு கல்யாண வீட்டில், இப்போது வேலையில் இருக்கும் இரண்டு பேர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"சடை விழுற வெளிநாட்டுப் பூனையைத் தூக்கிட்டு வந்து நிக்கிறாங்க அண்ணே. எதைப் பாத்து வாங்குறது, எப்படி வளக்குறதுன்னு எங்ககிட்டக் கேக்குறாங்க. நீங்க அந்தக் காலத்துலயே பாத்திருக்கீங்களாமே. கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றார்கள்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, நான் அறிந்ததெல்லாம் ஒரே ஒரு பூனையிடமிருந்து அறிந்தது. அதைப் பற்றி முதலில் எழுதாமல் மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தப் பூனை என் கையால் செத்தது.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறுவருடம் எனக்கு வேலை கிடைத்தது. பயிற்சி ஒன்பது மாதம். மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் மருந்து ஊற்றுவது, புண்ணில் புழு எடுப்பது, காளைக்குக் காயடிப்பது, களிம்பு அரைப்பது, லோஷன் கலப்பது, ஊசியைக் கொதிக்கவைப்பது. இவ்வளவுதான். பூனை என்ற சொல் அந்த ஒன்பது மாதத்தில் ஒரு தடவைகூட என் காதில் விழவில்லை. உழவு மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்க ஏற்பட்ட இடம் அது. அடுப்படியில் திரிகிற பூனைக்கு யார் மருந்து கேட்டு வரப்போகிறார்கள்?

திருமயம் மாட்டாஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கே இருந்தவர் டாக்டர் ராகவன். நாற்பது வயதிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லியான ஆள். அவரைப்போல ஒரு மேலதிகாரியை அப்புறம் நான் பார்க்கவில்லை. கூட்டுகிறவரிலிருந்து கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா வரை எல்லோரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார். என்னையும் அப்படித்தான். ஒரு மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் உடனே தொடமாட்டார். ஐந்து நிமிடம் எட்ட நின்று பார்ப்பார். மூச்சை எண்ணுவார். எந்தக் காலில் பாரம் வைக்கிறது, எந்தக் காதைத் தொங்கவிடுகிறது என்று பார்ப்பார். பிறகு கை கழுவுவார். அப்புறம் மூன்று கேள்வி கேட்பார். என்ன தின்னுது? எங்கே படுக்குது? யார் கை படுது? அதற்குப் பிறகுதான் மாட்டின் மேல் கை வைப்பார். வைத்தியம் முடிந்ததும், என்ன கண்டோம், என்ன கொடுத்தோம் என்று நோட்டில் எழுதியாக வேண்டும். எவ்வளவு கூட்டம் நின்றாலும் எழுதாமல் அடுத்த மாட்டைப் பார்க்கமாட்டார்.

இன்னொரு குணம், பொய் ஆறுதல் சொல்லமாட்டார். ஒரு தடவை கீரமங்கலம் பக்கம் மாடுகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் வெக்கை நோய் கண்டு, எங்களையும் அங்கே அனுப்பியிருந்தார்கள். ஒரு விவசாயி வீட்டில் ஐந்து உருப்படி. இரண்டு காளை வாயில் புண்ணோடு கிடக்கின்றன. அந்த மனுஷன் டாக்டர் காலைப் பிடிக்காத குறை. "பொழச்சிருமா ஐயா?" என்று கேட்டார்.

"பொழைக்காதுங்க. இந்த ரெண்டும் பொழைக்காது. மத்த மூணைக் காப்பாத்தலாம். இப்பவே பிரிச்சு அங்கிட்டுக் கட்டுங்க" என்றார் டாக்டர்.

அந்த விவசாயி எங்களைப் பேசாத பேச்சில்லை. ஆனாலும் மாட்டைப் பிரித்துக் கட்டினார். திரும்பி வரும்போது, ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாமே என்றேன் நான். டாக்டர் நடந்துகொண்டே சொன்னார்: "நம்ம சொல்லை நம்பித்தான் அவர் அடுத்த வேலையைச் செய்யப்போறார், சுப்பையா. சரியாயிடும்னு நான் சொல்லியிருந்தா அஞ்சையும் ஒண்ணாவே கட்டியிருப்பார்."

மூன்று மாடு பிழைத்தது. அந்தப் பேச்சை நான் நல்ல பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், அதை எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் சேர்ந்து நாலாவது வருடம், சித்திரை வெயிலில், ஒரு கார் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. திருமயத்துக்குத் தெற்கே உள்ள ஒரு செட்டியார் ஊரிலிருந்து வந்திருந்தது. டிரைவர் ஒரு பிரம்புக் கூடையைத் தூக்கி வந்தார். பின்னால் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். உமையாள் ஆச்சி என்று டிரைவர் சொன்னார். அவருடைய கணவர் பினாங்கில் தொழில் செய்துவந்தவர். மூன்று மாதம் முன்னால் அங்கேயே இறந்துபோனார். அவருடைய பெட்டிகளை நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறக்கியபோது, கூடவே இந்தக் கூடையும் இறங்கியது. உள்ளே அவர் வளர்த்த பூனை.

நான் மூடியைத் திறந்து பார்த்து ஒரு நிமிடம் அசந்துபோனேன். பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளை. ஒரு சாண் நீளத்துக்கு முடி. மூஞ்சி தட்டை. மூக்கு எங்கே என்று தேடவேண்டும். இரண்டு கண்ணும் நல்ல நீலம். நாய் மாதிரி வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தது.

"இது பெர்ஷியன்" என்றார் டாக்டர். ஊரில் எல்லோரும் சீமைப்பூனை என்றார்கள்.

அவர் கூடையைத் தரையில் வைக்கச் சொன்னார். ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். வேடிக்கை பார்க்க வந்தவர்களை வெளியே போகச் சொன்னார். ஈரத்துணியால் அதன் பாதங்களையும் வயிற்றையும் துடைக்கச் சொன்னார். கால்மணி நேரத்தில் இரைப்பு குறைந்து, பூனை தானாக வெளியே வந்து சிமெண்டுத் தரையில் வயிறு பட நீட்டிப் படுத்தது.

"என்ன குடுக்குறீங்க ஆச்சி?"

"பாலுஞ்சோறும்தான் வைக்கிறோம். திங்க மாட்டேங்குது. நாளுக்கு நாள் எளைக்குது."

"பாலும் சோறும் இதுக்கு ஆகாரமில்லைங்க. பூனை மாமிசம் தின்னாத்தான் கண்ணும் நெஞ்சும் நல்லாயிருக்கும். மீன் வேணும். ஈரல் கொஞ்சம் வேணும்."

ஆச்சி கூடையின் மூடியை எடுத்துத் துடைத்தார். கணவர் போன பிறகு அவர் கவுச்சியை விட்டுவிட்டார் என்பதும், துக்க வீட்டுக்குள் மீன் வரக்கூடாது என்று வீட்டில் மற்றவர்கள் சொல்வார்கள் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மூடியைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இன்னொரு சங்கதி" என்றார். "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது. பேரு என்னன்னு யாருக்கும் தெரியலை. நானும் எல்லாப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். என்னை மதிக்கவே மாட்டேங்குது. அங்கே பழகுன கை வேற, இங்கே இருக்குற கை வேறன்னு அதுக்குத் தெரியுது போலருக்கு."

டாக்டர் எழுந்து பூனையின் முதுகுப்பக்கம் போனார். ஒரு பெரிய இரும்புக் கிடுக்கியை எடுத்து எனாமல் தட்டில் ஓங்கிப் போட்டார். நானும் ஆச்சியும் துள்ளிவிட்டோம். வாசலில் கட்டியிருந்த மாடு மிரண்டது. பூனையின் காது மடல்கூட அசையவில்லை.

"இது உங்களை மதிக்காம இல்லைங்க ஆச்சி. இதுக்குக் காது கேக்காது. முழு வெள்ளையா, ரெண்டு கண்ணும் நீலமா இருக்குற பூனை நிறைய இப்படித்தான் பொறக்கும்."

ஆச்சி வாயைச் சேலையால் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் தரையில் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார். படுத்திருந்த பூனை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

"தரை அதிர்றது அதுக்குத் தெரியும். இனிமே இப்படிக் கூப்பிடுங்க" என்றார்.

அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் நான் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். முடியை வெயிலுக்குத் தக்கபடி கத்தரித்து, சிக்கெடுத்துவிடுவது என் வேலை. டாக்டர் சொல்லித்தந்த முறை இது. சிக்குப் பிடித்த இடத்தில் முதலில் சீப்பைத் தோலை ஒட்டி உள்ளே விட வேண்டும். சீப்புக்கு மேலேதான் கத்தரி போக வேண்டும். அப்போதுதான் தோல் வெட்டுப்படாது. கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணோரம் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சு மறு கண்ணுக்கு ஆகாது. மூக்கு உள்ளே அமுங்கியிருப்பதால் கண்ணீர் இறங்க வழியில்லாமல் முகத்தில் வழியும். துடைக்காவிட்டால் தோல் புண்ணாகும்.

மணமேல்குடியிலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு அம்மாளிடம் ஆச்சி சொல்லி வைத்திருந்தார். மீன் பின்வாசல் வழியாகத்தான் வரும். வீட்டு அடுப்பில் ஏற்றக்கூடாது என்று அவருடைய ஓரகத்தி சண்டை போட்டாராம். கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, ஆச்சியே உட்கார்ந்து மீனை வேகவைத்து, முள் எடுத்து, ஆறவைத்து ஊட்டுவார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் முள் எடுப்பார். வேலைக்காரப் பெண்ணிடம் விடமாட்டார்.

ஒரு நாள் நான் முடி கத்தரித்துக்கொண்டிருந்தபோது அவரே பேசினார்.

"எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். அவுக இந்த வீட்டுல இருந்தது எல்லாத்தையும் கூட்டினா நாலு வருஷம் வராது. வருவாக, கொஞ்ச நாள் இருப்பாக, கப்பலேறிருவாக. இது அவுக கால்மாட்டுல படுத்து வளந்தது. என்னைவிட இதுக்குத்தான் அவுகளை நல்லாத் தெரியும்."

பிறகு எழுந்துபோய் ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்து வந்து காட்டினார். பூனை வந்து இறங்கியபோது அதன் கழுத்தில் இருந்தது.

"இந்த முடிச்சப் பாருங்க தம்பி. ஆம்பளை கட்டுன முடிச்சா இது?"

பூப்போல மடித்துக் கட்டிய முடிச்சு.   ஆச்சி அதை அவிழ்க்காமலே மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கடலோரம் மணமேல்குடிப் பக்கம் மாடுகளுக்கு நோய் என்று தகவல் வந்து டாக்டர் அங்கே முகாம் போய்விட்டார். அவர் போன மூன்றாம் நாள் ஆச்சி வீட்டுக் கார் வந்தது. பூனை ஓயாமல் சொறிகிறது, உடனே வரவேண்டும் என்றார் டிரைவர்.

போய்ப் பார்த்தேன். ஈரத்தில் முடி சிக்கு விழுந்து, அடியில் முதுகெல்லாம் சிவந்து, வட்ட வட்டமாகப் படை மாதிரிப் புண். இரண்டு இடத்தில் நீர் வடிந்தது. டாக்டர் வர இன்னும் நாலு நாள் ஆகும், அதுவரை தேங்காயெண்ணெய் தடவுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அப்படித்தான் சொல்லவும் செய்தேன். ஆச்சி விடவில்லை.

"அதுவரைக்கும் இது தாங்காது. டாக்டர் இல்லாட்டி என்ன, நீங்களும் டாக்டர்தானே தம்பி. ஒங்க கைதானே இத்தனை நாளாப் பாக்குது."

அதற்கு முன் யாரும் என்னை டாக்டர் என்று சொன்னதில்லை. அந்தச் சொல் என்னை என்ன செய்தது என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பையைத் திறந்தேன். கன்றுக்குட்டிப் படைக்கு நாங்கள் போடும் கார்பாலிக் லோஷன் இருந்தது. சின்னப் பிராணி என்று யோசித்து, கன்றுக்குப் போடுவதில் பாதி வீரியத்துக்குத் தண்ணீர் கலந்தேன். முடியை ஒட்டக் கத்தரித்து, முதுகிலும் விலாவிலும் நன்றாக ஊறும்படி பஞ்சால் ஒற்றிவிட்டேன். வேலை சுத்தமாக இருந்தது. ஆச்சி காபி கொடுத்தார். நான் புறப்படும்போது பூனை திண்டின் மேல் உட்கார்ந்து, மருந்து போட்ட இடத்தை நக்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் கார் வந்துவிட்டது.

பூனை ஒரு சாக்கின் மேல் கிடந்தது. உடம்பு முழுக்க நடுக்கம். தசைகள் தனித்தனியாகத் துடித்தன. வாயோரம் நுரையும் எச்சிலும் ஒழுகின. எழுந்து நிற்கப் பார்த்து பின்னங்கால் மடங்கி விழுந்தது. சாக்கில் நனைந்திருந்த மூத்திரம் கறுத்துப் பச்சை பாய்ந்த நிறத்தில் இருந்தது. நெஞ்சைக் கேட்கலாம் என்று குனிந்தேன். அதன் வாயிலிருந்து வந்த மூச்சு என் முகத்தில் பட்டது.

கார்பாலிக் வாசனை.

 வெந்நீர் கேட்டு, சோப்புப் போட்டு முதுகைக் கழுவினேன். குளூக்கோஸ் தண்ணீர் புகட்டினேன். எல்லாம் காலம் கடந்த வேலை என்று கழுவும்போதே தெரிந்தது. ஆச்சி என் எதிரே உட்கார்ந்து, குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். முதலில் பூனையின் தலை லேசாக அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. உச்சிப்பொழுதுக்கு அது அடங்கிவிட்டது.

"என்ன செஞ்சுச்சு தம்பி? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். "குளிர் தாக்கிருச்சு ஆச்சி. நெஞ்சுல சளி கட்டிருச்சு" என்று வந்தது.

ஆச்சி முகம் மாறியது. "அய்யோ, முந்தாநாள் நான்தான் முத்தத்துல விட்டேன். சாரல் அடிச்சுச்சு. தொடைச்சு விடாம உள்ளே போயிட்டேன். நான்தான் விட்டேன். நான்தான்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்.

எதிரே நின்றுகொண்டிருந்தேன். இல்லை ஆச்சி என்ற ஒரு சொல் போதும். அது வரவில்லை.

கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து நோட்டில், குளிரால் நெஞ்சுச் சளி, மரணம் என்று எழுதிவைத்தேன்.

டாக்டர் வந்ததும் வழக்கம்போல நோட்டைத்தான் முதலில் எடுத்தார். நான் எழுதிய பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார்.

"நெஞ்சுச் சளின்னா மூச்சுல சத்தம் எப்படி இருந்துச்சு?"

"லேசா இருந்துச்சு சார்."

"காய்ச்சல்?"

"பாக்கலை சார்."

"நீர் என்ன நிறத்துல போச்சு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "என்ன போட்டீங்க, சுப்பையா?" என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: "மாடு தாங்கும். ஆடு தாங்கும். பூனை உடம்பு கார்பாலிக்கைக் கரைச்சு வெளியேத்தாது. தோல் வழியாவும் போகும். மேல போடுறதையெல்லாம் நக்கி வயித்துக்குள்ளயும் கொண்டுபோயிரும். இதை நான் உங்ககிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கணும். சொல்லலை. பூனை செத்ததுல பாதி என்னுது. நோட்டுல எழுதினது முழுக்க உங்களுது."

நான் எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு போடச் சொன்னார். அடித்தது படிக்கத் தெரியவேண்டும் என்றார். அதன் கீழே நடந்ததை எழுதவைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அவரும் பக்கத்தில் போட்டார்.

"ஆச்சிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லைங்க சார்."

"போய்ச் சொல்லுங்க. நான் கூட வரமாட்டேன்."

நான் போகவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். பொங்கல் போகட்டும் என்றேன். டாக்டர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து, மெட்ராஸிலிருந்து பூனைகளைப் பற்றிய ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை வரவழைத்து என் மேஜைமேல் வைத்தார். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. சாயங்காலங்களில் அவரே பக்கம் பக்கமாக அர்த்தம் சொல்ல, நான் தமிழில் எழுதிக்கொண்டேன். அழகுக்காக ஒரே குடும்பத்துக்குள் மறுபடி மறுபடி இணைசேர்த்த பூனைக்கு என்னென்ன குறை வரும், எந்த மருந்து ஆகும், எது விஷம், எல்லாம் படித்தேன். ஆச்சியிடம் போய்ச் சொல்லவேண்டிய நேரத்தையெல்லாம் இந்தப் படிப்பில் செலவழித்தேன். மறு வருடம் டாக்டருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்து, "உங்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு" என்றார். ஏறிப் போய்விட்டார்.

பூனை செத்து இரண்டு மழைக்காலம் போன பிறகு ஆச்சி என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். மெலிந்திருந்தார். கையில் பினாங்குக் கடிதம் ஒன்று இருந்தது.

"அங்கே இருக்குற அந்தம்மா எழுதியிருக்கா. யாருன்னு கேக்காதீங்க. ஒங்களுக்கும் தெரியும். செத்ததோட கூடப்பொறந்தது அங்கே குட்டி போட்டிருக்காம். ஒண்ணு அனுப்பவான்னு கேக்குறா." கடிதத்தை மடித்தார். "வேண்டாம்னு எழுதப்போறேன். என் கை சரியில்லை தம்பி. நான் வளத்தா நிக்காது. ஒரு சீமைப்பூனை நம்ம மழையைத் தாங்குமா தாங்காதான்னு மட்டும் ஒங்ககிட்டக் கேட்டுட்டு எழுதலாம்னுதான் கூப்பிட்டேன்."

அப்போதுதான் சொன்னேன். உட்காராமல், நின்றபடியே சொன்னேன். லோஷன் கலந்தது, நக்குவதைப் பார்த்துவிட்டுப் போனது, வாயில் வாசனை வந்தது, சளி என்று பொய் சொன்னது, எல்லாவற்றையும்.

ஆச்சி கடிதத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப சாரல்ல நனைஞ்சு சாகலை."

"இல்லைங்க ஆச்சி."

"ரெண்டு வருஷமா மழை வந்தா நான் முத்தத்துக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே கெடக்கேன். அந்தச் சத்தம் கேட்டா எனக்குச் சோறு எறங்காது. அவுக வளத்ததை நானே கொன்னுபுட்டேன்னு, அந்த முடிச்சுப் போட்டவ மேல இருந்த வயித்தெரிச்சல்லதான் தொடைக்காம விட்டேனோன்னு, என்னவெல்லாம் நினைச்சேன் தெரியுமா?" அவர் குரல் உயரவே இல்லை. "தெரியாம மருந்து போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். யாருக்கும் வரும். நான் மாருல அடிச்சுக்கிட்டு அழுதப்ப எதிர்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்களே தம்பி."



அவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது காகிதமும் பேனாவும் இருந்தன. கீழே உட்கார்ந்து, மரப்பெட்டி மேல் காகிதத்தை வைத்துக்கொண்டார்.

"குட்டியில எதைப் பாத்து எடுக்கணும்னு சொல்லுங்க. நானே அவளுக்கு எழுதுறேன்."

சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எழுதினார்.

"முழு வெள்ளையும் ரெண்டு கண்ணு நீலமும் சேர்ந்திருந்தா வேண்டாம்னு எழுதுங்க. குட்டிக்குப் பின்னாடி நின்னு கை தட்டிப் பாக்கச் சொல்லுங்க, திரும்பணும். மூக்கு ரொம்ப அமுங்கியிருக்கக் கூடாது, கொஞ்சம் நீண்டதா இருக்கட்டும். தூங்கும்போது காதை வச்சுக் கேக்கணும், கொறட்டைச் சத்தம் வந்தா வேண்டாம். கண்ணோரம் பழுப்பாக் கோடு விழுந்திருந்தா வேண்டாம். தாயைப் பாக்கணும். தாயும் தகப்பனும் ஒரே வயித்துல பொறந்ததா இருக்கக் கூடாது. மூணு மாசம் தாய்கிட்ட இருந்து, தானா மீன் தின்னப் பழகின குட்டியா இருக்கணும். இருக்குறதுலயே அழகானதைத் தேட வேண்டாம். நல்லா ஓடி விளையாடுறதா எடுக்கணும். வெயில் காலத்துல கப்பல்ல ஏத்த வேண்டாம்."

கடைசியாக, பூனைக்கு ஆகாத மருந்துகள் என்று நான் எழுதிவைத்திருந்த தாளைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முதல் வரி கார்பாலிக். அவர் படித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டார்.

"காபி வருது. குடிச்சிட்டுப் போங்க" என்றார். "இனிமே இங்கிட்டு வரவேண்டாம்."

காபி குடித்தேன். சூடாக இருந்தது. அவர் தலையைத் தூக்காமல் பினாங்குக்கு எழுதிக்கொண்டிருந்தார்.  டவராவைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

தை மாதம் குட்டி வந்து சேர்ந்துவிட்டது என்று டிரைவர் ஒரு நாள் டீக்கடையில் சொன்னார். சாம்பல் நிறமாம். நல்ல சுறுசுறுப்பாம். நான் அதைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆச்சி அதற்கு எல்லா வைத்தியமும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டார். அங்கே போக வேறு பாதை கிடையாது. எங்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மாதம் ஒரு தடவை அந்தக் கார் வரும். முதல் இரண்டு மூன்று தடவை, சத்தம் கேட்டதும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றேன். பின் சீட்டில் வெள்ளைச் சேலை தெரியும், மடியில் கூடை தெரியும். கார் அதே வேகத்தில் போகும்.

அப்புறம் அந்தச் சத்தம் கேட்டால் உள்ளே மருந்து அறைக்குப் போய்விடுவேன். ஒன்பது வருடம் போயிற்று அந்தக் கார்.